கார்லாவில் பெண் பார்த்த கதை

என் சித்தியைப் பெண் பார்ப்பதற்கு எங்கள் வீட்டார் தேர்ந்தெடுத்த இடம், குடும்ப வாழ்க்கையே வேண்டாம் என்று துறவு பூண்ட பிட்சுக்கள் மலையைக் குடைந்து தங்கியிருந்த இடம். அங்கே போய்ச் சேரும்வரை இது எங்களில் யாருக்கும் தெரியாது. அப்பாவுடன் தொழிற்சாலையில் வேலை பார்த்த மராத்திக்காரர் ஒருவர், கார்லா மலைமேல் சக்தி வாய்ந்த ஓர் அம்மன் இருப்பதாகச் சொல்லியிருந்தார். அம்மன் இருந்ததில் பொய் ஒன்றும் இல்லை. அந்தக் கோயிலை ஒட்டியே இரண்டாயிரம் வருஷத்துப் பௌத்தக் குகைகளும் இருப்பதை அவர் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. புனேயில், கட்கியில், தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா ஃபிட்டர். சித்தி என்றால் அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால், பி.எஸ்.சி. முடித்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிம்ப்ரியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் தற்காலிக வேலை. சாயங்காலம் சித்தி வீட்டுக்குள் வந்தால் முதலில் மருந்து வாசனைதான் வரும். எனக்குத் தலை பின்னுவதும், என் கணக்குப் பாடத்தோடு மல்லுக்கட்டுவதும், என் பக்கத்தில் படுத்துத் தூங்குவதும் சித்திதான். வேலையை நிரந்தரமாக்க ஒரு பரீட்சை வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆம்பூரிலிருந்து வரன் வந்தது. பையன் மஸ்கட்டில் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. கல்யாணம் முடிந்தால் அவன் மஸ்கட்டுக்குப் போவான், பெண் ஆம்பூரில் மாமியாரோடு இருக்க வேண்டும். ஜாதகத்தில் எட்டுப் பொருத்தம் இருந்தது. போட்டோவைப் பார்த்து அவர்களுக்கு ஏற்கெனவே பிடித்துவிட்டது. நேரில் பார்த்ததும் அந்த இடத்திலேயே பூ வைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அதாவது பார்த்தால் முடிந்தது. ஊரிலிருந்த பெரிய மாமா போனில் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, நடத்திக்கொடுப்பது உங்கள் பொறுப்பு மாப்பிள்ளை என்று அப்பாவின் தலையில் வைத்துவிட்டார். அப்பாவும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அப்பா அதிகம் பேசமாட்டார். சொன்ன சொல்லை மாற்றவும் மாட்டார்.

சித்தி ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவிடம், "வேணாம்கா. இந்தப் பரீட்ச எழுதிக்கிறேன். அந்த ஊர்ல போயி நான் இன்னா பண்ணப்போறேன்?" என்றாள். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மா இல்லாத பெண்ணை நான் வைத்துக்கொண்டு வேலைக்கு அனுப்பிச் சம்பாதிக்கிறேன் என்று ஊர் சொல்லும் என்றாள். அழுகிற ஆளிடம் எப்படி வாதாடுவது? சித்தி அதோடு வாயை மூடிக்கொண்டாள். அவளிடம் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. மச்சினியிடம் உட்கார்ந்து கல்யாணப் பேச்சு பேசுகிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

எனக்கு எல்லாம் தெரியும். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு என் எதிரில்தான் எல்லாரும் எல்லாவற்றையும் பேசினார்கள். சித்தி போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னுவார்கள் என்பது என் கவலை. அம்மா பின்னினால் கண் இழுத்துக்கொள்ளும்.

பெண்ணைக் கோயிலில் வைத்துப் பார்ப்பதில் ஒரு வசதி இருக்கிறது. பிடித்தால் சாமியே சேர்த்து வைத்தார். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்தோம், கும்பிட்டோம், கிளம்பினோம். யாருக்கும் முகம் கறுக்காது. பையனின் அக்கா பம்பாயில் இருந்தாள். பையன் திங்கட்கிழமை காலையில் அங்கிருந்தே விமானம் ஏறுகிறான். அதனால் பம்பாய்க்கும் புனேவுக்கும் நடுவில் ஓர் அம்மன் கோயில் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அங்கே சந்திக்க வேண்டும் என்று பையனின் அம்மா சொல்லியனுப்பினாள். இப்படித்தான் கார்லா வந்தது.

கட்கியில் லோக்கல் ரயில் ஏறி மளவலியில் இறங்கினோம். அங்கிருந்து ஆட்டோ, அப்புறம் படிகள். அம்மா ஒரு பையில் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் எடுத்துக்கொண்டாள். இன்னொரு பையில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய். சித்திக்கு அரக்குநிறப் பட்டுப்புடவை, தலையில் கனகாம்பரம். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் படியேறுவது லேசான வேலை இல்லை. இரண்டு பக்கமும் தேங்காய்க் கடை, பேடா கடை, பச்சை வளையல் கடை. மேளம் அடித்துக்கொண்டு பல்லக்கோடு ஒரு கூட்டம் எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. நூறு படிக்கு ஒருமுறை அம்மா நின்று சித்தியின் முகத்தைத் துடைத்துப் பவுடரைச் சரிசெய்தாள். சித்தி பொம்மை மாதிரி நின்றாள்.

மேலே போனபோது மணி பத்தேமுக்கால். பதினொன்றானது, பதினொன்றரையானது, யாரும் வரவில்லை. எங்கள் வீட்டில் அப்போது அப்பாவிடம் மட்டும்தான் செல்போன். அது கோயில் மதிலோரம் ஒரே ஒரு மூலையில்தான் எடுத்தது. அங்கே போய்க் கத்திப் பேசிவிட்டு வந்தார். கண்டாலா மலைப்பாதையில் ஏதோ லாரி கவிழ்ந்து வண்டிகள் நின்றுவிட்டனவாம். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை எமகண்டம், அதற்குள் வந்தாலும் பார்க்க முடியாது, ஒன்றரைக்கு மேல் ஆனால் நல்லதுதான் என்று அம்மா தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

சும்மா நிற்பானேன் என்று பக்கத்திலிருந்த குகைக்குப் போனோம். குகை என்றால் சின்னப் பொந்து என்று நினைத்திருந்தேன். உள்ளே நுழைந்தால் எங்கள் குடியிருப்புக் கட்டடத்தையே தூக்கி வைக்கலாம்போல ஒரு மண்டபம். இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள், தூண்களின் உச்சியில் யானைகள். மேலே வளைந்த கூரையில் விலா எலும்புகள்போல மரச்சட்டங்கள். கடைசியில், எல்லாத் தூண்களும் போய் முடிகிற இடத்தில், உருண்டையாக ஒரு பெரிய கல். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எம்மாம் பெரிய லிங்கம்!"

கைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து, அந்தக் கல்லின் அடியில் கொஞ்சம் தூவி, எங்கள் எல்லாருக்கும் நெற்றியில் பூசினாள். தங்கைக்கு நல்லபடியாக முடிய வேண்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினாள். அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளிக்கூடக் கும்பல் உள்ளே வந்தது. வாத்தியார் ஹிந்தியில் விளக்கினார். இது ஸ்தூபம், புத்தரின் அடையாளம், மழைக்காலத்தில் பிட்சுக்கள் இங்கே தங்குவார்கள், அவர்கள் வீடு, வாசல், பெண்டாட்டி, பிள்ளை எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள். அம்மா பாதிச் சுற்றில் நின்றுவிட்டாள்.

"இன்னாங்க இது? சம்சாரமே வேணாம்னு வந்தவங்க எடத்துலயா பொண்ணு பாக்குறது?"

அப்பாவுக்கும் சங்கடம்தான். வாசலில் செதுக்கியிருந்த ஆண் பெண் ஜோடிச் சிலைகளைக் காட்டி, "அதோ பாரு, ஜோடியாத்தான் நிக்குதுங்க. ஒண்ணும் ஆவாது" என்றார். அம்மா அந்தச் சிலைகளை உற்றுப் பார்த்தாள். அவை உடுத்தியிருந்தது போதாது என்று தோன்றியதோ என்னவோ, என் கண்ணைப் பொத்தி வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். சித்தி மட்டும் கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றாள். அந்தக் கல்லைப் பார்த்தாளா, கூரையைப் பார்த்தாளா தெரியவில்லை. காலையிலிருந்து அப்போதுதான் அவள் முகத்தில் உயிர் வந்த மாதிரி இருந்தது.

சாப்பிட்டோம். இரண்டானது, மூன்றானது. அம்மா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். மூன்றிலிருந்து நாலரை குளிகை. குளிகையில் செய்வது திரும்ப நடக்கும் என்பார்கள், அப்படியானால் இன்னொரு தடவை பெண் பார்க்க வேண்டிவருமோ? அது பரவாயில்லை, ஆனால் நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். ராகுகாலத்தில் பையனின் அம்மா பெண்ணின் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். அது முடிய ஆறு ஆகிவிடும், அவர்களோ இருட்டுமுன் மலைப்பாதையைத் தாண்டி பம்பாய் போய்ச் சேர வேண்டும். நாலரைக்குள் பார்த்தால் உண்டு. இதை அம்மா அப்பாவிடம் நாலைந்து தடவை சொன்னாள். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து தன் வளையல்களைச் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாலுக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா மூலையிலிருந்து ஓடிவந்தார். கார் அடிவாரத்துக்கு வந்துவிட்டதாம். அம்மா பரபரத்தாள். சித்தியின் முகம் வேர்த்துப் போயிருந்தது, குழாயில் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு உடனே வரச்சொன்னாள். துணைக்கு நான். குழாய் குகைப் பக்கம் இருந்தது.

சித்தி முகம் கழுவினாள். பொட்டு வைத்துக்கொள்ளவில்லை. குகை வாசலில், உச்சியில் சிங்கங்கள் செதுக்கிய ஒரு தூண் உண்டு, அந்தச் சிங்கத்தூண் அருகில் நின்று எட்டிப் பார்த்தால் படிகள் தெரியும். தூரத்தில் ஒரு பருத்த அம்மாள், பட்டுத்துணி போட்டு மூடிய தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறிவந்தாள். பின்னால் புதுச்சட்டை போட்ட ஓர் இளைஞன். தட்டில் பூவும் புடவையும் இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. சித்தி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறு என்று அந்தப் பெரிய மண்டபத்துக்குள் போனாள்.

காலையில் காலியாக இருந்த மண்டபம் இப்போது நிறைந்திருந்தது. ஒரு முப்பது நாற்பது பேர், ஆணும் பெண்ணும், எல்லாரும் வெள்ளை உடுப்பில், ஸ்தூபத்தைப் பார்த்து வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் பிடித்து யாத்திரை வந்தவர்கள். அந்தக் குகை மேற்குப் பார்த்தது. வாசலுக்கு மேலே குதிரைலாட வடிவில் ஒரு பெரிய சாளரம் உண்டு. சாயங்கால வெயில் அது வழியாக இறங்கி, உட்கார்ந்திருந்தவர்களின் முதுகிலும் தலையிலும் விழுந்திருந்தது. 'புத்தம் சரணம்' என்று அவர்கள் சேர்ந்து சொன்னதைக் கூரை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பிக் கொடுத்தது.

கடைசி வரிசையில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள் எங்களை நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைப் புடவை, தடித்த கண்ணாடி, வேலை பார்த்துக் காய்த்துப்போன கைகள். சித்தி அவள் பக்கத்தில் குனிந்து, தொழிற்சாலையில் கற்றுக்கொண்ட மராத்தியில் ஏதோ சொன்னாள். கல்யாணம் என்ற சொல்லும், 'நகோ' என்ற சொல்லும் காதில் விழுந்தன. 'நகோ' என்றால் வேண்டாம். புனேயில் பிறந்த குழந்தைகள் முதலில் கற்றுக்கொள்கிற மராத்தி அதுதான். அந்த அம்மாள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். தன் தோளில் கிடந்த வெள்ளைச் சால்வையை எடுத்துச் சித்தியின் தலையைச் சுற்றிப் போர்த்தி, கனகாம்பரமும் பட்டுப்புடவையும் தெரியாதபடி இழுத்துவிட்டாள். நான் சித்திக்கும் ஒரு தூணுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"கண்ண மூடிக்க பாப்பா. யாரு கூப்ட்டாலும் தொறக்கக் கூடாது, பதில் பேசக் கூடாது. இருவது நிமிஷம். அவ்ளோதான்."

"அப்பா கூப்ட்டா?"

"அப்பா கூப்ட்டாலும்."

மூடிக்கொண்டேன். இது விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் விளையாட்டில் ஜெயிக்க வேண்டும் என்கிற வெறி எனக்கு எப்போதும் உண்டு, அதனால் இரண்டையும் கலந்துகொண்டேன். இருபது நிமிஷம் கண்ணைத் திறக்காமல் இருந்தால் சித்தி எங்கள் வீட்டிலேயே இருப்பாள். கணக்கு இவ்வளவு சுலபமாக எனக்கு என்றைக்கும் அமைந்ததில்லை.

கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இருபது நிமிஷம் எவ்வளவு நீளம் என்று. கால் மரத்துப்போனது. கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. சித்தி என் கையைப் பிடித்திருந்தாள், அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. பாட்டு நின்று எல்லாரும் மௌனமாகிவிட்டார்கள். அப்போதுதான் வெளியே அம்மாவின் குரல் கேட்டது. முதலில் சாதாரணமாக, பிறகு கோபமாக. அது கோயில் பக்கம் போய்த் தேய்ந்தது. அப்புறம் அப்பாவின் குரல் வாசலிலேயே கேட்டது.

"பாப்பா!"

அந்த மண்டபம் ஒரு குரலை எடுத்துப் பத்துக் குரலாக்கிவிடும். நாலு பக்கமிருந்தும் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா! எங்கம்மா கீற?"

இரண்டாவது குரலில் பயம் இருந்தது. அப்பா பயந்து நான் கேட்டதே இல்லை. ராத்திரி ஷிஃப்டில் பக்கத்து ஆளின் விரல் மெஷினில் போனதைக்கூட, சாம்பாரில் உப்பு குறைச்சல் என்கிற மாதிரி சொன்னவர். மலைமேல் ஒரு பக்கம் சரிவு, கைப்பிடி இல்லாத இடங்கள் உண்டு. அதை அவர் நினைத்திருப்பார் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம், பாவம் அப்பா, ஒரு குரல் கொடுத்துவிடலாமா என்பதுதான். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சித்தியின் கை இறுக்கியது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

வரிசையின் ஓரமாகக் காலடிச் சத்தம் வந்தது. அவசரமாக வந்த சத்தம், எங்களுக்குக் கிட்டே வந்ததும் நின்றுவிட்டது. அப்புறம் 'டக்' என்று ஒரு முழங்கால் சொடுக்கியது. அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் அவர் வலது முழங்கால் இப்படித்தான் சொடுக்கும். மெஷினடியில் குனிந்து குனிந்து வந்த சொடுக்கு. அவ்வளவு கிட்டே இருந்தார். அவர் மூச்சு வாங்குவது கேட்டது. நான் சிலையாக உட்கார்ந்திருந்தேன். கண்ணிமைகூட ஆடக் கூடாது என்று, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று சொல்ல முடியாது. கடைசியில் அந்தக் கண்ணாடிக்கார அம்மாளின் குரல் மட்டும், பிரார்த்தனை நடக்கிறது அண்ணா என்று மராத்தியில், மெதுவாக. "மாஃப் கரா" என்று அப்பா மன்னிப்புக் கேட்டார். முழங்கால் மறுபடியும் சொடுக்கியது. காலடிகள் திரும்பிப் போயின, இந்தத் தடவை அவசரமில்லாமல்.

வாசலில் அம்மாவிடம் அவர் சொன்னது நன்றாகவே கேட்டது.

"இங்க இல்ல. கீழ வளையல் கடையாண்ட நின்னுகினு இருப்பாங்க. நீ இவங்களோட இரு, நான் போயி பாத்துகினு வரேன்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஜெயித்துவிட்டேன்! மூக்குக்கு நேரே வந்தும் அப்பாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் குடியிருப்பில் என்னைவிட நன்றாக ஒளிந்துகொள்ள ஆளில்லை என்று நான் பீற்றிக்கொள்வதை இனி யாரும் மறுக்க முடியாது.

பிறகு சித்தி என் தோளைத் தட்டினாள். கடிகாரத்தைக் காட்டினாள். மணி நாலு முப்பத்தைந்து. சால்வையை மடித்து அந்த அம்மாளிடம் கொடுத்தாள். அவள் எனக்கு ஒரு வாழைப்பழம் தந்தாள். சித்தியின் முகவாயைத் தொட்டு, "ஜெய் பீம்" என்றாள். சித்தியும் அதையே திருப்பிச் சொன்னாள்.

வெளியே வந்ததும் நடந்ததை நான் ரசித்தேன் என்றே சொல்ல வேண்டும். சிங்கத்தூண் அருகே பையனின் அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் முதலில் செய்தது, பையனின் தோளைப் பிடித்துத் திருப்பியதுதான்.

"திரும்பிக்கடா! ராகுகாலம் பொறந்துடுச்சி."

அவன் நல்ல பையன். திரும்பிக்கொண்டான். தான் பார்க்க வந்த பெண் மூன்றடி தூரத்தில் நிற்க, அவன் தூண்மேல் இருந்த நாலு சிங்கங்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றான். அவனை நினைத்து இன்றும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அம்மா சித்தியின் கையில் நறுக்கென்று கிள்ளினாள். எங்கே தொலைந்தாய் என்றாள். பிரார்த்தனை கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், நேரம் போனது தெரியவில்லை என்றாள் சித்தி, தலையைக் குனிந்துகொண்டு. அதற்குள் அப்பா படியேறி மூச்சிரைக்க வந்தார். வந்தவர் கத்திய கத்தலில் தேங்காய்க் கடைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அறிவு கீதா உனக்கு? கொழந்தையக் கூட்டிகினு இப்டியா போயி உக்காருவ? பெரிய மனுஷங்க எவ்ளோ நேரமா நிக்கிறாங்க!"

சித்தியை அவர் அதற்கு முன்னும் அப்படிப் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. பேசிவிட்டு, பையனின் அம்மாவுக்கு எதிரில் போய் இரண்டு கையையும் கூப்பினார். என் தப்பு, பெண்ணைத் தனியே அனுப்பியது நான்தான், மன்னிக்க வேண்டும் என்றார். சாமியைத் தவிர வேறு யாருக்கும் அப்பா கை கூப்பி நான் பார்த்ததில்லை. எனக்குச் சித்தியின்மேல் கோபம் வந்தது. அப்புறம் பையனின் அம்மாமேல் வந்தது. அவள் தட்டின் துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"தடங்கலாப் போச்சி. அம்மனுக்கு இஷ்டமில்ல போலருக்கு. அடுத்த லீவுக்கு வர்றப்ப பாக்கலாம்."

அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. கோயிலில் வைத்து இதைச் சொன்னால் அதற்கு அர்த்தம் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். தட்டு வந்த வழியே இறங்கிப் போனது. அன்றைக்கே பெரிய மாமா போனில் அப்பாவை வாய்க்கு வந்தபடி பேசினார். ஒரு பெண்ணை அரை மணி நேரம் கட்டிக்காக்கத் துப்பில்லையா என்று கேட்டார். அடுத்த இரண்டு தீபாவளிக்கு மாமா எங்களோடு பேசவில்லை. சித்தி பரீட்சை எழுதினாள், வேலை நிரந்தரமானது. இன்றைக்கு பிம்ப்ரியில் அந்தச் சோதனைக்கூடத்துக்கே அவள்தான் பொறுப்பு. அவளுடைய வீட்டுக்காரரை அவளாகத்தான் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது மளவலி ஸ்டேஷனில் நடந்தது. ஆறு மணி லோக்கலுக்காகக் காத்திருந்தோம். அப்பா பெஞ்சின் ஒரு கோடியில், சித்தி மறுகோடியில், நடுவில் அம்மாவும் நானும். அம்மா மிச்சமிருந்த எலுமிச்சை சாதத்தை உருட்டி எனக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கோபம் இருந்தாலும் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்சி. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இவ்வளவு பெரிய வெற்றியை எத்தனை நேரம் அடக்கி வைப்பது?

"அம்மா, அப்பா என் கிட்ட வந்து குத்துக்கால் போட்டு உக்காந்தாரு. மூஞ்சிக்கு நேரா. அப்பக்கூட என்னக் கண்டுபுடிக்க முடியல!"

சொன்ன பிறகுதான் சித்தி சொன்ன கதையை நான் கெடுத்துவிட்டேன் என்று உறைத்தது. ஒளிந்திருந்தோம் என்று நானே சொல்லிவிட்டேன். இப்போது இரண்டு பேருக்கும் அடி விழும் என்று காத்திருந்தேன்.

அடி விழவில்லை. அம்மாவின் கை, உருண்டையோடு, பாதியில் நின்றது. அவள் என்னையும் பார்க்கவில்லை, சித்தியையும் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். சித்தியும் அந்தக் கோடியிலிருந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவ்வளவு பேர் எதிரில் அப்பா திட்டினாரே, அதற்குத்தான் இப்போது அழுகிறாள் என்று நினைத்தேன். அப்போதே அழாமல் ஏன் இவ்வளவு நேரம் கழித்து அழுகிறாள் என்று மட்டும் புரியவில்லை.

"உள்ள ஒரே இருட்டு பாப்பா," என்றார் அப்பா. "ஒண்ணும் தெரியல."

அம்மா எனக்காக உருட்டிய சாதத்தை அப்பாவின் பக்கம் நீட்டினாள். எல்லாரும் பார்க்கிற இடத்தில் அம்மா அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அவரும் கையில் வாங்கிக்கொண்டார்.

என் வெற்றியின் மதிப்பு கொஞ்சம் குறைந்துவிட்டதில் எனக்கு வருத்தம். ஆனாலும் அப்பா சொன்னதை நம்பினேன். உள்ளே எனக்கும் ஒரே இருட்டாகத்தானே இருந்தது, கண்ணை அவ்வளவு இறுக்கி மூடிக்கொண்டிருந்தேனே.